கூஸ்கூஸ்: வெந்நீரில் ஊறவைப்பதா, ஆவியில் வேகவைப்பதா?

கூஸ்கூஸைக் குருணை மாதிரி ஏதோ ஒரு தானியம் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அது டியூரம் என்ற கெட்டி வகைக் கோதுமையின் ரவைதான்: தண்ணீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் சலித்தெடுத்த மணிகள். மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மொரிட்டானியா நான்கும் சேர்ந்து விண்ணப்பித்து 2020-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தன.

பாக்கெட்டில் போட்டிருக்கும் வழி சுலபம். ஒரு கப்புக்கு ஒரு கப் கொதிநீர், உப்பு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், மூடி வைத்து 5 நிமிடம், அப்புறம் முள்கரண்டியால் உதிர்த்துவிட்டால் ஆச்சு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் முன்பே ஆவியில் வெந்து காய்ந்தது என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். ஆறவைத்து வெள்ளரி, தக்காளி, புதினா, எலுமிச்சை கலந்து சாலட் செய்ய இதுவே போதும். ஆனால் சூடான குழம்பை மேலே ஊற்றிப் பாருங்கள், ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணீர் குடித்த மணிகள் சீக்கிரமே குழைந்துவிடும்.

ஆவி வழி வேறு. மொரோக்கோ வீடுகளில் அடுக்குப் பாத்திரத்தின் கீழே இறைச்சியும் காய்களும் கொதிக்க, மேலே துளைத்தட்டில் கூஸ்கூஸ் வேகும், இடுக்கில் ஆவி போகாமல் ஈரத்துணி சுற்றியிருப்பார்கள். 15, 20 நிமிடத்தில் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து, எண்ணெய் தொட்ட கையால் கட்டிகளைத் தேய்த்து உடைத்து, மறுபடி ஏற்றுவார்கள். இப்படி மூன்று தடவை. புட்டுக்கு மாவு பிசிறிப் பழகிய கைக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக ஈரம் ஏறுவதால் மணி ஒட்டாமல் பருக்கிறது, குழம்பையும் தாங்குகிறது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தால் மொரோக்கோவில் ஏழு காய்கறிக் கூஸ்கூஸ்தான்: கேரட், டர்னிப், முட்டைக்கோஸ், பூசணி மாதிரிக் காய்கள், கூடவே கொண்டைக்கடலை. துனிசியாவில் ஹரீசா மிளகாய் விழுது போட்ட சிவப்புக் குழம்பு, கடலோர ஊர்களில் மீன். காரம் பழகிய நாக்குக்கு நான் துனிசியா பக்கம்தான் கைகாட்டுவேன்.

பாக்கெட் கூஸ்கூஸையும் ஆவியில் வைக்கலாம், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தண்ணீர் தெளித்துப் பிசிறி, இட்லிப் பானையில் துணி போட்டு 10 நிமிடம், கொட்டி உதிர்த்து, உப்புநீர் தெளித்து இன்னொரு 10 நிமிடம். குழம்பை மட்டும் சாப்பிட உட்காரும்போது ஊற்றுங்கள்.