சிறப்பா, தரமா, மதிப்பா: பொதுவகத்தின் மூன்று முத்திரைகள்

கொழும்புப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய் எழும் அந்தக் கட்டடத்துக்கும் நம் கமராவுக்கும் நடுவே மின்கம்பிகள் ஓடும். அப்படி நான் எடுத்த ஒரு படத்தை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் சிறப்புப் படமாக முன்மொழிந்தேன். கம்பிகள் கண்ணை உறுத்துகின்றன என்று எதிர்வாக்குகள் விழுந்தன. சில வாரங்கள் கழித்து அதே படம், ஒரு புள்ளிகூட மாறாமல், ‘தரமான படம்’ என்ற முத்திரையைப் பெற்றது.

ஒரே படத்துக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? சிறப்புப் படம், தரமான படம், மதிப்புமிக்க படம் என்று பொதுவகம் தரும் மூன்று முத்திரைகளில் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு என்பதால்தான். ஊதியமில்லாமல் ஊரைப் படமெடுத்து எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் ஒருவர், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டால் வீணாக மனம் உடைய வேண்டியதில்லை.

சிறப்புப் படம்தான் மூன்றிலும் உயரமான படி. 2004-இல் பொதுவகம் தொடங்கிய ஆண்டிலேயே இந்த வழக்கமும் வந்துவிட்டது. யார் எடுத்த படத்தையும் யாரும் முன்மொழியலாம். 9 நாள் வாக்கெடுப்பு. குறைந்தது 7 ஆதரவு வாக்குகள். எதிர்ப்பைப் போல் இரு மடங்காவது ஆதரவு. வாக்களிப்பவர்கள் படத்தை முழு அளவில் விரித்து மூலைமுடுக்கெல்லாம் பார்க்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் முதலில் தேடுவது, பார்த்த மாத்திரத்தில் மூச்சை நிறுத்தும் ஒரு வியப்பு. நாசாவின் படங்களும் இதே வரிசையில் நிற்கின்றன. சிறப்புப் படங்களிலிருந்து தெரிவான, 2006-ஆம் ஆண்டுக்கான முதல் ‘ஆண்டின் சிறந்த படம்’ அலாஸ்கா வானத்தின் துருவ ஒளி. எடுத்தவர் அமெரிக்க விமானப்படை வீரர். அழகான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் தன்னார்வலரின் உழைப்பை அளக்கும் கோல் இது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புறக்கோட்டையில் கம்பிகளும் தெருவின் ஒரு பகுதி. அவற்றை அழித்துவிட்டுக் காட்டினால் அது வேறு எந்த ஊரோ.

தரமான படம் என்பது 2006-இல் வந்த ஏற்பாடு. இங்கே பொதுவகப் பயனர் தாமே எடுத்த படத்துக்கு மட்டுமே இடம். கடன் வாங்கிய புகழுக்கு வழியில்லை. வேறொரு பயனர் பார்த்து ஏற்க வேண்டும். 2 நாட்களுக்குள் எவரும் மறுக்காவிட்டால் முத்திரை கிடைத்துவிடும். மறுத்தால் பலர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கூர்மை, ஒளி, சாய்வு, கோப்பின் பெயர், விளக்கம் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சிறப்புப் படத்தைப் போலவே இதற்கும் குறைந்தது 2 மெகாபிக்சல் வேண்டும்.

நான் படமெடுக்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இதுதான். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை, சேர். பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எடுத்துக் கட்டுவித்தார். அனுமதி பெற்று, அங்கே தூண்கள் இரண்டைக் காலை வெயிலில் எடுத்தேன். கல்லின் உளித்தடம்கூடத் தெரிந்தது; மனம் நிறைந்துதான் பதிவேற்றினேன். வந்த குறிப்பு ஒரே வரி: தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. உற்றுப் பார்த்தேன். கமராவை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். அதனால் இரண்டு தூண்களும் உச்சியில் ஒன்றையொன்று தொடப் போவதுபோல் நெருங்கி நின்றன. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிமிர்த்திப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஏற்றினேன். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் முதலில் கமராவை மட்டமாகப் பிடிக்கிறேன். பணம் கட்டிப் படித்த வகுப்பில்கூட எனக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை.

இதன் குறை ஒன்று. பிழையில்லாத ஆனால் உயிரில்லாத படமும் தேறிவிடும். ஒரே பூவை ஐந்து கோணத்தில் எடுத்து ஐந்து முத்திரை வாங்கலாம். யாருக்கு என்ன பயன்?

அந்தக் கேள்வியை நேராகக் கேட்பது மதிப்புமிக்க படம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பொதுவகத்தில் அதைக் காட்டும் படங்களில் எது மிகச் சிறந்தது என்று பார்க்கிறார்கள். திரையில் சிறிய அளவில் தெளிவாக விளங்கினால் போதும். கைத்தொலைபேசிப் படமும் தாராளமாக வரலாம். ஆனால் விளக்கமும், எந்த வகையில் சேரும் என்ற பகுப்பும் சரியாக இருக்க வேண்டும், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் ஆள்கூறும் வேண்டும். பின்னாளில் அதைவிட நல்ல படம் வந்தால் முத்திரை கைமாறும். இது எனக்குப் பிடித்த நேர்மை. விலை உயர்ந்த கமரா லென்ஸ் வைத்திருப்பவரை விட, இது எந்தத் தெரு, எந்தச் சன்னதி என்று அறிந்தவருக்கே இங்கே கை ஓங்கும். கொழும்பில் பிறந்து வளர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய மூலதனம் எது?

போட்டிகளும் உண்டு. 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘விக்கி நினைவுச்சின்னங்களை நேசிக்கிறது’ போட்டி, 2011–12-இல் நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டி போன்றவை புதியவர்களைக் கூட்டமாக அழைத்து வருகின்றன. பரிசு முடிந்ததும் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரம்பத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

என்னிடம் கேட்டால், முதல் ஆறு மாதம் தரமான படத்துக்கு மட்டும் அனுப்புங்கள், கை பழகும். பிறகு மதிப்புமிக்க படத்துக்கு வாருங்கள், அங்கேயே நெடுநாள் இருங்கள். சிறப்புப் படத்தை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அடுத்து எடுக்கப் போவது காலிமுகத்திடல் வண்டியில் அடுக்கியிருக்கும் இறால் வடை. மேலே முழு இறால், அதன் மீசை வெளிச்சத்தில் தெரிய வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் என் நிழல் விழக் கூடாது. மாலை ஐந்தரைக்குப் போனால் கடல் பக்கத்திலிருந்து ஒளி சரியாக விழுகிறது. விளக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.