எங்கள் பகுதியின் புதிய துணைமின் நிலையம்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கிழக்கு பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில், 66 கிலோவோல்ட் மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டாகக் குறைத்து அனுப்பும் துணைமின் நிலையம் இயங்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. மின்சாரத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன். கட்டுமானம் நடந்த மாதங்களுக்கு ஒன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை.

முன்பு தொலைவிலிருந்து நீண்டு வந்த ஒரு ஃபீடரின், அதாவது மின்சாரம் கொண்டுவரும் கம்பித்தடத்தின், கடைசியில் நாங்கள் இருந்தோம். கம்பி நீள நீள, சுமை ஏற ஏற மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட் வர வேண்டிய வீடுகளில் கோடை மாலைகளில் விளக்குகள் மங்கின, மோட்டார்கள் உறுமிவிட்டு நின்றன. இதில் அதிகம் அடிபட்டது குடிநீர்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து நகருக்குக் கொண்டுவரப்படும் காவிரி நீர், எங்கள் தெருவின் நிலத்தடித் தொட்டியான சம்புவரை வந்து சேர்ந்த பிறகும், லோ வோல்டேஜ் காரணமாக மேல்நிலைத் தொட்டிக்கு ஏறாமல் கிடந்தது. போர்வெல் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோகும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். இந்தக் கோடையில் ஒரு லாரியைக்கூட அழைக்க நேரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேறுபாடு தெரிகிறது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால், மின்தடை நீண்ட நாள்களில் அங்குள்ள செவிலியர் அக்கா அவற்றைக் குளிர்பெட்டியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வேறு நிலையத்துக்கு ஓடுவார். அந்த ஓட்டம் இப்போது நின்றுவிட்டது.

இத்தனை நன்மைகளுக்கும் நாங்கள் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. புதைவடம் பதிக்கத் தோண்டிய ஒப்பந்ததாரர், பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று குடிநீர்த் துறையினரிடம் கேட்காமலே பள்ளம் வெட்டியதால் குடிநீர்க் குழாய் இருமுறை உடைந்தது. மூடிய பள்ளத்தைக் குழாய் பழுதுபார்க்க வந்தவர்கள் மறுபடியும் தோண்டினார்கள். மழைக்காலம் முழுவதும் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியாமல், நோயாளிகளை முனைவரை தூக்கிக்கொண்டு போனோம். இரு துறையினரும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது என்பதே என் வருத்தம்.

பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய திடலும் போய்விட்டது. மின்சாரம் பாய்ந்துவிடாமல் தடுக்கக் காற்றையே காப்பாகக் கொண்ட திறந்தவெளி அமைப்பு என்பதால் இங்கே இவ்வளவு இடம் பிடித்தது. வாயுக் காப்பு அமைப்புக்கு அதில் சிறு பங்கு இடம் போதும்; ஆயினும் அதற்குச் செலவு கூடும், அதில் பெரும்பாலும் நிரப்பப்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு மிகக் கடுமையான பசுங்குடில் வாயுவும்கூட. ஆகவே திடலை இழந்ததை ஒருவாறு ஏற்றுக்கொண்டேன்.

ஏற்க முடியாதது ஒன்றுண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் வினாடிக்கு 100 முறை அதிர்வதால் எழும் ரீங்காரம், சுவரை ஒட்டியிருக்கும் அங்கன்வாடியில் பிள்ளைகள் மதியம் உறங்கும் அறைக்குள் நாள் முழுவதும் கேட்கிறது. அந்தப் பக்கம் ஒலித்தடுப்புச் சுவர் எழுப்பித் தரும்படி குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மனு கொடுத்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.