சீட்ஸ் ஆஃப் பீஸ் முகாம்: போர் வந்தபின் மிஞ்சுவது என்ன?

பகை நாடுகளின் பதின்ம வயதினரை ஒன்றாகத் தங்கவைத்துப் பேசவைக்கும் திட்டங்களுள் மிகவும் பெயர்பெற்றது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓட்டிஸ்ஃபீல்டு என்னும் ஊரின் ஏரிக்கரையில் அமைந்த சீட்ஸ் ஆஃப் பீஸ் கோடை முகாம். பத்திரிகையாளர் ஜான் வாலக் 1993-ல் இதைத் தொடங்கியபோது இஸ்ரேல், பாலஸ்தீனம், எகிப்து ஆகியவற்றிலிருந்து 46 பேர் வந்தார்கள். 2001 முதல் இந்திய, பாகிஸ்தானிய மாணவர்களும் சேர்ந்தார்கள். முகாமில் எடுத்த புகைப்படங்களில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஊரில் குண்டு விழும் நாளில் அங்கே பழகியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முகாமின் ஏற்பாட்டில் குறை காண்பது கடினம். எதிரெதிர்த் தரப்பு மாணவர்கள் ஒரே குடிலில் உறங்கி, ஒரே மேசையில் உண்டு, பயிற்சி பெற்ற நெறியாளர்கள் முன்னிலையில் நாள்தோறும் வாதிடுகிறார்கள். கத்தலும் அழுகையும் அதில் சேர்த்திதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜூலியானா ஷ்ரோடரும் ஜேன் ரைசனும் இம்முகாமின் இஸ்ரேலிய, பாலஸ்தீன மாணவர்களை ஆராய்ந்து, மறுதரப்பில் நெருங்கிய நண்பர் ஒருவரையாவது பெற்றவர்களிடமே மனமாற்றம் கூடுதலாகத் தெரிந்தது என்று எழுதினார்கள். சொற்பொழிவைவிடக் கட்டில் ஒதுக்கீட்டுக்கு அதிகப் பலன் உண்டு போலும்!

ஆனால், எல்லோருக்கும் ஒரே பச்சைச் சட்டை என்னும் முகாமின் சமத்துவம் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பிய பாலஸ்தீன மாணவருக்குச் சோதனைச்சாவடி காத்திருக்கிறது. இஸ்ரேலிய மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு வயதில் கட்டாய ராணுவப் பணி காத்திருக்கிறது. இம்முகாமில் பழகிய ஆசெல் அஸ்லே என்னும் பதினேழு வயது இளைஞர், இஸ்ரேலின் குடிமகனான பாலஸ்தீனர், 2000 அக்டோபரில் இஸ்ரேலியக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தப் பச்சைச் சட்டையைத்தான் அணிந்திருந்தார். நட்பை வளர்ப்பதில் காட்டிய அக்கறையை, அதிகாரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசுவதில் முகாம் காட்டவில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

எனவே, முகாமைவிட அதில் பழகியவர்கள் மோதல் நடக்கும் மண்ணிலேயே தொடங்கிய பணிகளுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். முகாமில் பழகிய அமெரிக்க இளைஞர் மைக்கா ஹெண்ட்லர் 2012-ல் ஜெருசலேம் இளைஞர் பாடற்குழுவை அமைத்தார். நகரில் பாலஸ்தீனர் மிகுந்த கிழக்கிலிருந்தும் யூதர் மிகுந்த மேற்கிலிருந்தும் வரும் பள்ளி மாணவர்கள் அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூடி, பாட்டுப் பயிற்சியோடு நெறியாளரின் துணையுடன் உரையாடலும் நடத்துகிறார்கள். ஹீப்ரு, அரபு, ஆங்கிலம் மூன்றிலும் பாடுகிறார்கள். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிப் போர் மூண்ட பிறகும் அக்குழு கலையவில்லை. சந்திக்க முடியாத நாள்களில் இணையவழியே பேசிவிட்டு, பின்னர் நேரில் கூடத் தொடங்கியது. ஒருமுறை விமானமேறி வருவதில் கிடைக்காத தொடர்ச்சி, பேருந்தில் வந்துபோகும் தொலைவில் கூடுவதால் கிடைக்கிறது.

தெற்காசியாவிலும் இத்தகைய முயற்சி ஒன்று உண்டு. முகாமில் சரித்திரம் பற்றிச் சண்டையிட்ட இந்திய, பாகிஸ்தானிய இளைஞர்கள் சிலர், பின்னாளில் 'தி ஹிஸ்டரி புராஜெக்ட்' என்னும் பெயரில் இரு நாட்டுப் பாடநூல்களின் கூற்றுகளை எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். 1905-ன் வங்கப் பிரிவினை நம் பாடநூல்களில் பிரித்தாளும் சூழ்ச்சி. அவர்களுடையவற்றில் கிழக்கு வங்க முஸ்லிம்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்டது இம்முயற்சியின் சிறப்பு.

இத்தகைய முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், திரும்பிவந்த பிறகு இருதரப்பையும் யார், எங்கே, எவ்வளவு காலம் கூட்டப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானியர்களுக்கு வழங்கிய விசாக்களை இந்தியா ரத்து செய்து, அட்டாரி எல்லைச் சோதனைச்சாவடியையும் மூடிய நிலையில், லாகூர் நண்பரை மும்பை மாணவர் நேரில் காண மூன்றாவது நாடு ஒன்றுதான் வழி. அதற்கான செலவை ஏற்பது யார் என்பதும் அந்தக் கேள்வியில் அடங்கும்.