உம்மாவோட முட்டி வலியும் சென்னை வண்டிகளும்: அஞ்சு நாள் சுத்துனதுக்கு ஒரு ரிவ்யூ

கீழக்கரையில இருந்து சென்னைக்குப் போற நம்ம ஆளுங்க பாதிப் பேரு மண்ணடியில இறங்கி அங்கயே சோலிய முடிச்சிட்டு ராத்திரி வண்டியப் புடிச்சுத் திரும்பிருவோம், நானும் இருபது வருஷமா அப்படித்தான். இந்தத் தடவை உம்மாவுக்குக் கண்ணு காட்டணும்னு கூட்டிட்டுப் போனேன், டாக்டரு பாத்துட்டு மூணு நாள் கழிச்சு மறுபடி வாங்கன்னுட்டாரு, அதுவரைக்கும் ரூம்லயே செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுன்னு உம்மாவே கெளம்பிட்டாங்க. உம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. அதனால இது சின்னப் பசங்க போடுற ரிவ்யூ மாதிரி இருக்காது. எத்தனை படி, எவ்வளவு நடை, உக்கார எடம் இருக்கா, இதான் என் கணக்கு.

பஸ்ல போறவங்க முதல்ல கோயம்பேடுங்கற நெனப்ப விட்ருங்க. 2023 டிசம்பர் 30ந் தேதி கிளாம்பாக்கத்துல புது ஸ்டாண்டு தொறந்ததுக்கப்புறம் நம்ம பக்கத்து வண்டிக்கெல்லாம் அதான் எல்லை. ஸ்டாண்டு பெருசு, வெளிச்சம், ஃபேன் எல்லாம் இருக்கு. ஆனா அது ஊரு இல்ல, ஊருக்கு வெளிவாசல். வண்டலூர் ஜூ வர்றதுக்கு முன்னாடியே இறக்கி விட்ருவாங்க, மண்ணடிக்கு அங்கருந்து இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல கெடக்கு. விடியக்காலைல தூக்கக் கலக்கத்துல தொதல் (நம்ம ஊரு இனிப்பு) டப்பா, மருந்துப் பை, பாய் (ஆமா, உம்மா பாய் இல்லாம எங்கயும் வரமாட்டாங்க) எல்லாத்தையும் தூக்கிட்டு நின்னா நாலு ஆட்டோக்காரங்க சுத்தி நின்னுக்கிட்டாங்க, ஒருத்தர் சொன்ன ரேட்டுக்கு நான் கீழக்கரைக்கே திரும்பிப் போயிருவேன்.

மண்ணடியில இருக்குற லாத்தா (அக்கா) மகனுக்குப் போன் போட்டேன். "மாமா, 21ஜி ஏறுனா பாரிமுனை பக்கம் வந்துரும், ஆனா டிராபிக்ல உம்மம்மா நொந்துருவாங்க, மீனம்பாக்கத்துல இறங்கி மெட்ரோ புடிங்க, மண்ணடி வரைக்கும் மாறவே வேணாம்"னான். இந்த ஒரு வரிக்கே அவனுக்கு ஒரு டப்பா தொதல் குடுக்கலாம், குடுத்தேன்.

பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லங்கறத உம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, 2021 மே மாசத்துல இருந்து ராம்நாடு டவுன் பஸ்லயே பழகினதுதான். சென்னையில முகப்புல ரோஸ் கலர் அடிச்ச பஸ்ஸு வந்தா அதான் அவங்க பஸ்ஸு, அவசரத்துல டீலக்ஸ்ல ஏறிட்டா காசு குடுக்கணும், அது மட்டும் கவனம். அவங்க சும்மா சீட்ட வாங்கிட்டு நான் காசு குடுக்குறதப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க.

இந்த பஸ்ல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். நம்ம பக்கம் கண்டக்டர் கூட்டத்துக்குள்ள நீந்தி நீந்தி வந்து டிக்கெட் குடுப்பாரு. இங்க அவரு பாட்டுக்கு பின்னாடி சீட்ல உக்காந்திருக்காரு, காசுதான் நடந்து போகுது. நான் நின்ன எடத்துல இருந்து 100 ரூபா நோட்ட முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கையில குடுத்து ஸ்டாப் பேரச் சொன்னா, அது ஒரு காலேஜ் பொண்ணு கை, ஒரு பூக்காரம்மா கைன்னு மாறி மாறிப் போயி, அதே கைங்க வழியா டிக்கெட்டும் மிச்சக் காசும் ஒத்த ரூபா கொறையாமத் திரும்பி வருது, குடுக்குறவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. ஆட்டோல ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பேரம் பேசுற ஊரு, பஸ்ல இப்படி இருக்கு. எனக்கு அஞ்சு நாள்ல ரொம்பப் புடிச்சது இதான். உம்மா ரெண்டாவது நாளே தானா முன்வந்து அடுத்தவங்க காசப் பாஸ் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

மெட்ரோவுக்கு கொறை சொல்ல தேடித்தான் பாக்கணும். லிப்டு இருக்கு, கூட்டம் இருந்தாலும் ஒருத்தர் எழுந்து எடம் குடுக்குறாங்க. டிக்கெட் 10 ரூபால ஆரம்பிச்சு எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாவத் தாண்டாது. 2015ல கோயம்பேடு ஆலந்தூர்னு ஆரம்பிச்சது, மண்ணடிக்கு 2019ல வந்துச்சு, நாங்கதான் இத்தனை நாளா ஏறாம இருந்திருக்கோம். சின்னமலை வரைக்கும் மாடி மேல போயிட்டு இருந்தது திடீர்னு மண்ணுக்குள்ள எறங்குனதும் உம்மா துப்பட்டிய இழுத்துப் போத்திக்கிட்டு "வாப்பா, மழை வருதா, இருட்டிக்கிட்டு வருது"ன்னாங்க. எதிர் சீட்டுப் பொண்ணு சிரிப்ப அடக்க முடியாம போனுக்குள்ள மொகத்த வச்சிக்கிச்சு. ஏசி கொஞ்சம் ஜாஸ்தி, வயசானவங்களுக்கு ஒரு துண்டு கையில வச்சிக்கங்க.

இங்கதான் எனக்கு ஒன்னு வெளங்குச்சு. வண்டியில ஏறி உக்காந்துட்டா சென்னை தங்கமான ஊரு, வெலையும் கொறச்சல். ஒன்னுல இறங்கி இன்னொன்னுல ஏறுற எடம் இருக்கு பாருங்க, அங்கதான் நொண்டுது. உம்மா மாதிரியேதான், எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மூட்டுலதான் கோளாறு. 2025 செப்டம்பர்ல சென்னை ஒன்னுன்னு ஒரு ஆப் விட்டாங்க, பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் எல்லாத்துக்கும் அதுலயே டிக்கெட் எடுக்கலாம், மருமகன் என் போன்ல ஏத்திக் குடுத்தான், நல்லாத்தான் இருக்கு. டிக்கெட்டு ஒன்னாயிருச்சு, படி இன்னும் தனித்தனியாத்தான் இருக்கு.

உதாரணத்துக்கு பறக்கும் ரயில், அதான் தூண் மேல பாலத்துல ஓடுற லோக்கல் ரயிலு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்குப் போகணும்னு ஆசை, 1795ல கட்டுனது, அந்தக் கருங்கல்ல காலு வச்சா வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கும். பீச் ஸ்டேஷன்ல ஏறுனா கொஞ்ச நேரத்துல போயிரலாம், ஜன்னல்ல பக்கிங்காம் கால்வாய் கூடவே வருது (மூக்கப் புடிச்சிக்கணும், அது வேற கதை). 1995ல சேப்பாக்கம் வரைக்கும் விட்டு 2007ல வேளச்சேரி வரைக்கும் நீட்டுனாங்க. ஸ்டேஷனெல்லாம் கல்யாண மண்டபத்த மூணா அடுக்குன மாதிரி அவ்வளவு பெருசு, உள்ள ஆளே இல்ல. நாங்க இறங்குன ஒரு ஸ்டேஷன்ல, பேரு வேணாம், எஸ்கலேட்டரு சும்மா நிக்குது, லிப்டு எங்கன்னு கேக்க ஒரு ஆளு இல்ல, அறுபது படிக்கு மேல எண்ணிட்டு நான் எண்ணுறத விட்டுட்டேன். உம்மா நடுவுல உக்காந்துட்டாங்க. "பறக்குற ரயிலுன்னு சொன்ன, அதுல இருந்து எறங்க நாமளும் பறக்கணுமா"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல.

இதுக்கு நேர் எதிரு மாம்பலம். பீச்ல இருந்து லோக்கல் ரயிலு, கொறஞ்ச டிக்கெட் 5 ரூபா, இந்தக் காலத்துல 5 ரூபாவுக்கு டீ கூடக் கெடையாது. இந்த லைன்ல 1931லயே கரண்டு ரயில் விட்டிருக்காங்க. மாம்பலத்துல இறங்குனா முன்னயெல்லாம் ரங்கநாதன் தெருக் கூட்டம் நம்மளத் தூக்கிட்டுப் போயி எங்கயாவது போடும். இப்ப 2023ல ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 570 மீட்டருக்கு மேலயே ஒரு நடைபாலம் போட்டிருக்காங்க, லிப்டு, எஸ்கலேட்டரோட. உம்மா கீழ தெருவுல தலையாத் தெரியுற கூட்டத்த வேடிக்கை பாத்துக்கிட்டே ராணி மாதிரி நடந்தாங்க. மூட்டுக்கு வைத்தியம் இப்படித்தான் பண்ணணும், இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு. பாலத்துல மிச்சம் புடிச்ச தெம்ப எல்லாம் சேலைக் கடையில செலவு பண்ணோம்.

வழி கேக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ஊருக்காரங்க இப்ப இல்லாத எடத்தோட பேரச் சொல்லித்தான் வழி சொல்வாங்க. ஜெமினில இறங்குங்கன்னாங்க, போர்டுல தேடுறேன் தேடுறேன், அது 1973ல கட்டுன அண்ணா மேம்பாலமாம், ஜெமினிங்கறது எப்பவோ போன சினிமா ஸ்டுடியோ. அண்ணா சாலைன்னா யோசிப்பாங்க, மவுண்ட் ரோடுன்னா ஒடனே கை காட்டுவாங்க. என்னடா ஊருன்னு சொல்ல வாயெடுத்தேன், 1964 புயல்ல போன தனுஷ்கோடிக்கு நம்ம பக்கம் இன்னும் பஸ்ல போர்டு மாட்டி ஓட்டிட்டுத்தான் இருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.

ஆட்டோ பத்தி நீட்ட விரும்பல. 2013ல அரசாங்கம் போட்ட ரேட்டு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதுக்கப்புறம் பெட்ரோல் வெல எங்க போயிருச்சு, அவங்களையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல கண்ணுல மருந்து விட்டு கண்ணு கூசிட்டு நிக்கிற கெழவியப் பாத்து ஒருத்தர் ரேட்ட எரட்டிப்பாச் சொன்னாரு, அத மறக்க மாட்டேன்.

மெரினாவ உம்மா ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. ரோட்ல இருந்து தண்ணி வரைக்கும் அந்த மணல்ல நடக்கணுமே, அங்கயும் மூட்டுப் பிரச்சனைதான். நல்லவேளையா மாற்றுத்திறனாளிங்களுக்குன்னு 2022ல போட்ட மரப்பாதை ஒன்னு இருக்கு, வயசானவங்களும் போறாங்க, அதுல மெதுவாக் கூட்டிட்டுப் போனேன். அலையப் பாத்துட்டு "இது ஏன் இவ்வளவு கோவமா இருக்கு, நம்ம கடலு தூங்குற புள்ள மாதிரில்ல கெடக்கும்"னாங்க, சுண்டல் வாங்கித் தந்தேன், திரும்பிட்டோம். ராத்திரி பர்மா பஜார் பக்கம் அத்தோவும் வாழத்தண்டு சூப்பும் நான் மட்டும் சாப்பிட்டேன், உம்மா அத நூடுல்ஸுன்னு சொல்லி தொட மாட்டேன்னுட்டாங்க. நஷ்டம் அவங்களுக்கு.

திரும்புறதுக்கு ரயிலு. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா போறதும் ரயில்லயே போயிருப்பேன், மண்ணடில மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறுனா அடுத்த ஸ்டாப்பே எழும்பூர், லிப்டுலயே எறங்கி லிப்டுலயே ஏறிக்கிட்டோம். காலைல ராம்நாட்டுல எறங்குனா பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோதான், நடக்குற தூரந்தான், ஆனா இந்த முட்டி, இந்தப் பாய். ஆட்டோத் தம்பி ரேட்டச் சொன்னதும் உம்மா விடல. "மீனம்பாக்கத்துல இருந்து மண்ணடி வரைக்கும் ஏசியில வந்தேன், அம்பது ரூபா தாண்டல, நீ இந்தா இருக்குற ஸ்டாண்டுக்கு நூறு கேக்குற?" அந்தத் தம்பி எங்கள ஏற எறங்கப் பாத்துட்டு, "அப்ப கீழக்கரைக்கும் மெட்ரோவுலயே போயிருங்க உம்மா"ன்னுச்சு. எண்பதுக்கு ஒத்துக்கிட்டு ஏறுனோம்.