கையால் இழைத்த பழைய ஸ்நூக்கர் கியூ: கேட்கிற விலை தகுமா?

பர்ரோஸ் அண்ட் வாட்ஸ், தர்ஸ்டன், பெரடான், ரைலி போன்ற ஆங்கிலேய நிறுவனங்களின் முத்திரை தாங்கிய பழைய கையிழைப்புக் கியூக்களுக்கு (ஸ்நூக்கரில் பந்தை அடிக்கும் கோல்களுக்கு) இப்போது கேட்கப்படும் விலை, பெயர்பெற்ற கைவினைஞர் ஒருவரிடம் நம் அளவு கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளும் விலையையே சில நேரங்களில் தாண்டிவிடுகிறது. அப்படி ஒன்றை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே வகைக் கியூவைப் பல ஆண்டுகளாகச் சென்னையில் வைத்து ஆடிவருகிறேன். அண்மையில்தான் அதற்குப் பெரிய பழுது பார்த்து, கணிசமாகப் பணமும் கொடுத்தேன். டிப் (பந்தைத் தொடும் தோல் நுனி) அளவு, எடை, நீளம் எல்லாம் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தவைதான் என்பதால், வைத்திருந்து பழகினால் மட்டுமே தெரியவரும் விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். என்னுடையது ஒற்றைத் துண்டுக் கியூ. ஆஷ் மரத் தண்டு, கருங்காலிப் பிடி. வெள்ளைப் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே நிதானமாகத் தட்டி, அதைப் பின்னோக்கி வரவைக்கும் ஸ்க்ரூ ஆடும்போது, டிப் பந்தைத் தொட்ட இடம் சரியா, இம்மியளவு பக்கவாட்டில் விலகியதா என்பதைப் பந்து ஓடி முடிவதற்கு முன்பே பிடித்திருக்கும் விரல்கள் சொல்லிவிடும். சரியாகப் பட்டால் கனமான, குறுகிய ஒரு ஒலி வரும். தண்டில் அதிர்வு எழுந்த உடனே அடங்கிவிடும். தவறினால் அந்த அதிர்வு உள்ளங்கைவரை வந்து நிற்கும். இதற்கு முன் நான் ஆடிய இயந்திரத் தயாரிப்புக் கியூக்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. என் ஆட்டத்தில் ஏதேனும் முன்னேற்றம் இருக்குமானால் அதில் பாதி இந்தத் தண்டு கற்றுக்கொடுத்ததுதான். இந்த இன்பத்துக்காக ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இந்த இன்பம் கியூவின் வயதிலிருந்து வருகிறது என்று விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் வட்டத்தில் இன்னொருவரிடம் அதே நிறுவனத்தின், அதே முத்திரை கொண்ட, ஏறத்தாழ அதே காலத்துக் கியூ இருக்கிறது. அதை எடுத்துப் பலமுறை ஆடிப் பார்த்திருக்கிறேன். நீண்ட தூரப் பந்துக்குச் சற்று வலுவாக அடித்தால் தண்டின் நுனி துவளுவது கையில் தெரியும். ஒலியும் மந்தமாக, உயிரில்லாமல் இருக்கும். இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்திருக்கலாம், ஒரே தச்சரின் கை பட்டிருக்கவும் கூடும்; ஆனால் மரம் வேறு. என் தண்டில் மேற்புறமும் கீழ்ப்புறமும் அம்பு முனை போன்ற ரேகைகள் ஒழுங்கான இடைவெளியில் நுனிவரை நேராக ஓடுகின்றன. பக்கவாட்டில் கோடுகள் எங்கும் சரிந்து வெளியேறவில்லை. அவருடையதில் நடுத்தண்டுக்கு மேலே கோடுகள் சாய்ந்து விளிம்பில் முடிந்துவிடுகின்றன. ஆகவே பணம் கொடுக்க வேண்டியது நல்ல பலகைக்கு. முத்திரை அந்தப் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

முத்திரைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய வீரர் வால்டர் லிண்ட்ரம் 1932-இல் லண்டன் தர்ஸ்டன்ஸ் அரங்கில் பில்லியர்ட்ஸில் எடுத்த 4,137 புள்ளி பிரேக்கை (இடைவிடாத ஒரே தொடரில் எடுத்த புள்ளிகளை) பொறித்த கியூக்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஸ்நூக்கர் சாம்பியன் ஜோ டேவிஸ் பெயரில் வந்தவையும் ஏராளம். 4,137 என்ற அந்த எண், கியூ 1932-க்கு முந்தையதல்ல என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதையோ, எவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்டது என்பதையோ அது சொல்லாது. அந்தச் சாம்பியன்களின் கை அதில் பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை; அவை கடைகளில் விற்பதற்காகப் பெயர் உரிமை பெற்றுச் செய்யப்பட்டவை. அதிலும் முத்திரைத் தகட்டைக் கழற்றி வேறொரு கியூவில் பதிப்பது ஒன்றும் பெரிய வேலையல்ல. விலைப் பட்டியலில் முத்திரையின் படம் பெரிதாகவும் தண்டின் படம் சிறிதாகவும் போடப்பட்டிருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

இனி என்னை விடாமல் தொந்தரவு செய்யும் குறைக்கு வருகிறேன். கையால் செய்த கியூவில் ஆஷ் தண்டின் அடிப்பகுதியை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, அந்தச் சரிவுகளின் மேல் கருங்காலிப் பலகைகளை ஒட்டி, பிறகு இழைப்புளியால் உருட்டி எடுப்பார்கள். அதனால்தான் கருங்காலி ஆஷ் மரத்தோடு சேரும் நான்கு இடங்களிலும் முனைகள் வளைந்து உருண்டையாக இருக்கும். இயந்திரத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்யும் இணைப்பில் முனைகள் ஊசிபோல் கூராக நிற்கும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுதான். அந்தக் காலத்துப் பட்டறைகள் ஒட்டுவதற்குப் பயன்படுத்தியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசை. இங்கிலாந்தின் குளிரில் தலைமுறைகளைத் தாங்கிய வஜ்ஜிரத்துக்கு நம் ஊர் ஈரமும் வெப்பமும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறும். ஆடும் அறையிலோ ஏசி ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து வெளியே வந்தால் மீண்டும் புழுக்கம். ஆஷ் விரிந்து சுருங்கும் அளவும் கருங்காலி விரிந்து சுருங்கும் அளவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே இருப்பது பழைய பசையின் ஒரு மெல்லிய படலம் மட்டும்.

என் கியூவில் நான்கு ஒட்டுகளில் ஒன்று, முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை போலப் பிளந்திருந்தது. கண்ணுக்கு முதலில் தெரியவில்லை. நகத்தால் வருடினால் மட்டும் தட்டுப்பட்டது. அடிக்கும்போது பிடியிலிருந்து ‘கிர்’ரென்று ஒரு ஒலி வரத் தொடங்கிய பிறகுதான் விளக்கொளியில் வைத்துத் தேடினேன். முதலில் பார்த்த பழுதுபார்ப்பவர் உடனடிப் பசையை உள்ளே விட்டு மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி வாய் திறந்தது. இரண்டாவதாகக் கொடுத்தவர் பழைய பசை முழுவதையும் நீக்கி, மரத்தை உலரவிட்டு, புதுப் பசையிட்டு, கிளாம்ப் வைத்து இறுக்கி, பொறுமையாகச் செய்தார். வேலை நன்றாக இருக்கிறது. அதற்குக் கொடுத்த தொகையில் ஆட்டம் தொடங்குகிறவர் ஒருவர் நல்லதொரு இயந்திரக் கியூவே வாங்கியிருக்கலாம். மீதி மூன்று ஒட்டுகளும் இதே வயதுடையவை என்பதால், ஒவ்வொரு மழைக்காலமும் நகத்தால் வருடிப் பார்க்கும் வேலை எனக்கு உண்டு.

இந்தப் பழுதுதான் விலை பற்றிய உண்மையான சிக்கலை எனக்குக் காட்டியது. பழைய கியூக்களை வாங்குபவர்கள் இரண்டு வகை: சேகரிப்பவர்கள், ஆடுபவர்கள். சேகரிப்பவருக்குத் தொடப்படாத கியூ வேண்டும். அன்று போட்ட பூச்சு, அன்றிருந்த நீளம், அன்றிருந்த நுனி. ஆடுபவருக்கோ அது அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயன்படாது. அந்தக் காலக் கியூக்களில் பல, பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை; இன்றைய 58 அங்குலத்தோடு ஒப்பிட்டால் குட்டை, எடையும் குறைவு, டிப்பும் தடிமன். இன்றைய ஸ்நூக்கருக்கு ஒன்பதரை மில்லிமீட்டர் அளவில் நுனி வேண்டும். தடித்த நுனியால் சைடு (பந்தின் பக்கவாட்டில் அடித்துத் தரும் சுழற்சி) கொடுத்தால் வெள்ளைப் பந்து குறியை விட்டுக் கூடுதலாக விலகிப் போகும். அதனால் நுனியை இழைக்க வேண்டும், அடியில் மரம் சேர்த்து நீட்ட வேண்டும், எடை ஏற்ற வேண்டும். வண்டியில் எடுத்துச்செல்ல வேண்டுமானால் அறுத்து ஜாயிண்ட் போட வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஆடுபவருக்குக் கியூவின் பயனை ஏற்றி, சேகரிப்பவரிடம் அதன் மதிப்பை இறக்கும். விற்பவர்களோ சேகரிப்பாளருக்கான விலையை வைத்துக்கொண்டு, ‘ஆடுவதற்கு இதைப் போல வராது’ என்று ஆடுபவருக்கான வாக்குறுதியைக் கொடுக்கிறார்கள். ஒரே கியூவுக்கு இந்த இரண்டும் பொருந்துவது அரிது.

அதைவிடப் பெரிய இழப்பு உப்புத்தாளால் வருவது. தண்டு வழுவழுப்பாக ஓட வேண்டும் என்று பல உரிமையாளர்கள் பல ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்து, நுனியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குத் தண்டை மெலிய வைத்திருப்பார்கள். போன மரம் திரும்பாது. ஒட்டு விட்டால் ஒட்டலாம், நுனியைச் சுற்றிய பித்தளை வளையமான ஃபெரூல் தளர்ந்தால் மாற்றலாம், குட்டையை நீட்டலாம். மெலிந்த தண்டுக்கு மட்டும் மருந்தே இல்லை. எங்கள் வட்டத்தில் இருப்பவரின் அந்தத் துவளும் கியூவிலும் ரேகைக் குறையோடு இந்தக் குறையும் சேர்ந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தி, எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் பூசினாலே ஆஷ் மரத்துக்குப் போதும். உப்புத்தாள் வேண்டியதே இல்லை.

பழையதுதான் வெல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆட்ட வரலாறும் துணை நிற்பதில்லை. ஜான் ஸ்பென்சர் 1977-இல் உலகப் பட்டத்தை வென்றது இரண்டு துண்டுக் கியூவால். அன்று பலர் ஒற்றைத் துண்டைத் தவிர வேறெதையும் நம்பாத காலம். ஸ்டீஃபன் ஹென்ட்ரி ஏழு உலகப் பட்டங்களையும் வென்ற கியூ கடையில் மலிவாகக் கிடைத்த சாதாரணக் கியூ. 2003-இல் பாங்காக்கிலிருந்து திரும்பும் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதே ஆண்டில் அவர் புதுக் கியூவோடு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். பழகிய கியூவை இழந்த துயரம் எவ்வளவு பெரியது என்பது ஆடுகிற யாருக்கும் புரியும். ஆனால் அந்தப் பழக்கம் அவருடைய கைக்கும் அந்தக் கியூவுக்கும் இடையில் வளர்ந்தது. வேறொருவர் கையில் வளர்ந்த பழக்கத்தை நாம் விலை கொடுத்து வாங்க முடியாது.

விற்பவர்கள் சொல்லும் காரணங்களில் நான் மதிப்பது ஒன்றுதான்: மரத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் மிச்சிகன் பகுதியில் 2002-இல் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது; பிரிட்டனில் 2012-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அங்குள்ள ஆஷ் மரங்களை வாட்டிவருகிறது. கருங்காலியின் நிலையும் நல்லதாக இல்லை. ஒரு காலத்தில் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போன வைரம் பாய்ந்த கருங்காலி, இன்று இலங்கையில் சட்டத்தால் காக்கப்படும் மரம். என் கியூவின் பிடியில் ரேகையே தெரியாத முழுக் கறுப்பு; அந்தத் தரத்தில் இன்று ஒரு துண்டு தேடுவது கடினம். ஆகவே நேரான, நல்ல ஆஷ் தண்டும் நல்ல கருங்காலியும் உள்ள பழைய கியூ இன்னும் விலை ஏறும் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. இந்த நியாயமும் மரத்துக்கே உரியது. வளைந்த தண்டையும் இதே காரணம் சொல்லி விற்பதுதான் அநியாயம்.

நம் பக்கத்தில் இந்தக் கியூக்கள் இன்னும் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேய அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் பிறந்து, உதகை கிளப்பில் விதிகள் வரையறுக்கப்பட்ட ஆட்டம் ஸ்நூக்கர்; அந்தக் காலத்துக் கிளப்புகள் மேசைகளோடு கியூக்களையும் கப்பலில் வரவழைத்தன. அப்படித் தாங்கியில் நின்று வெயிலும் மழையும் கண்டு, இன்றும் நேராக இருக்கும் கியூ, லண்டனில் பெட்டிக்குள் பாதுகாக்கப்பட்ட கியூவை விட நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே வளைய வேண்டியது ஏற்கெனவே வளைந்திருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கேட்கிற விலை அதிகம், இப்போதைக்கு வேண்டாம். நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மேசையில் உருட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையால் இழைத்த தண்டு முழு வட்டமாக இருக்காது, அதனால் நேரான கியூவும் சற்றுத் தத்தும். கண்ணோடு சேர்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பியபடி நுனியை நோக்குங்கள். நான்கு ஒட்டுகளையும் நகத்தால் வருடுங்கள். நுனியிலிருந்து ஒரு முழத்தில் தண்டின் பருமனை வெர்னியர் அளவுகருவி வைத்து அளந்து, நீங்கள் இப்போது ஆடும் கியூவின் அளவோடு ஒப்பிடுங்கள். படம் மட்டும் அனுப்பி அளவு தர மறுப்பவரிடம் பேரம் பேசிப் பயனில்லை. புதிதாகச் செய்துகொள்வதன் விலையில் பாதிக்குக் கிடைத்தால், பழுதுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். ஒட்டு சரிசெய்து வந்த அன்று மாலை ஆடிக்கொண்டிருந்தபோது, என் கியூவுக்கு ஒருவர் அதே அதிக விலையைக் கொடுக்க முன்வந்தார். நான் கொடுக்கவில்லை. விலையை எவ்வளவு ஏற்றினால் கொடுப்பீர்கள் என்று அவர் கேட்டார். எனக்கு எந்தத் தொகையும் தோன்றவில்லை.