டெஸ்மாஸுடன் ஆறு ஆண்டுகள்: எந்தப் பக்கம் நிழலிடுவது?

வீட்டில் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அசமன்பாடுகளை (சமக்குறிக்குப் பதில் ≤, ≥ போன்ற குறி உள்ளவை) வரைந்து, கோட்டின் எந்தப் பக்கம் விடை என்று வண்ணம் தீட்டிக் காட்ட ஆறு ஆண்டுகளாக டெஸ்மாஸ் செயலிதான் துணை. இலவசம், கைபேசியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சமக்குறி சேர்ந்த அசமன்பாட்டுக்கு முழுக்கோடு, சேராததற்குப் புள்ளிக்கோடு என்று தானே போட்டுக்கொள்கிறது. இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே ஒரு காலத்தில் எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

முதல் ஆண்டு நான் செய்த தவறு, செயலியை முதலில் காட்டியது. வண்ணம் தானாக வந்து விழுந்ததும் பிள்ளைகள் தலையாட்டினார்கள். வரைபடத்தாளைக் கொடுத்தால் 'குறைவு என்றால் கீழ்ப்பக்கம்' என்று கண்ணை மூடிக்கொண்டு தீட்டினார்கள். அந்தக் குறுக்குவழி ஒய் தனியாக இடப்பக்கம் நிற்கும்போது உதவும்; எல்லா இடத்திலும் உதவாது. எக்ஸ் − ஒய் ≤ 2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு (2, 0), (0, −2) வழியே போகிறது. ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐ, வைத்துப் பார்த்தால் 0 ≤ 2, உண்மை. ஆக, ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம், அதாவது கோட்டின் மேல்பக்கம்தான் விடை. குறியோ 'குறைவு' என்கிறது!

அதனால் இப்போது கையால் ஒரு புள்ளியைச் சோதித்து, பென்சிலால் தீட்டிய பிறகுதான் கைபேசிக்கு அனுமதி. கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் அந்தப் புள்ளி சோதனைக்கு உதவாது; (1, 0) போல வேறொன்றை எடுக்க வேண்டும். ஒய் > 2எக்ஸ் என்றால், 0 > 2 பொய். எனவே (1, 0) இல்லாத பக்கம். இதில் தடுமாறாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நேரியல் திட்டமிடலில் (பல அசமன்பாடுகளுக்கு உட்பட்டுப் பெரும அல்லது சிறும மதிப்பைத் தேடும் பாடம்) நான்கைந்து அசமன்பாடுகள் சேரும்போது இன்னொரு சிக்கல். தாளிலோ திரையிலோ, வண்ணத்தின் மேல் வண்ணம் ஏறி ஹோலி முடிந்த தெருவாகிவிடும். இதற்கு நான் பழகிக்கொண்ட வழி, வேண்டாத பக்கத்தைத் தீட்டுவது. ≤ இருக்கும் இடத்தில் ≥ என்று தட்டச்சு செய்கிறேன். எல்லாக் கழிவுக்கும் நிறம் ஏறி, விடைப்பகுதி மட்டும் வெள்ளையாக நிற்கும். ≤ என்பதன் எதிர்மறை > தானே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அப்போது எல்லை புள்ளிக்கோடாகி, எல்லையிலுள்ள புள்ளிகள் விடையில் சேராதவை போலத் தோன்றும். பெரும, சிறும மதிப்புகளைத் தேடும் மூலைகள் அந்த எல்லையில்தானே இருக்கின்றன!

தேர்வில் மட்டும் வினா என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாடத்திட்டத்தில் விடைப்பகுதியைத் தீட்டுவதே வழக்கம். கேம்பிரிட்ஜ் வினாத்தாள்களில் வேண்டாத பகுதியைத் தீட்டச் சொல்வதும் உண்டு. அந்தப் பாடத்திட்டத்தில் படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்த முறையைச் சொல்ல வேண்டியிருக்கவே இல்லை.