கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கிளிப், டெஸ்டர், மீட்டர், மாற்று சப்ளை: எதை நம்பலாம்?

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. இந்த ஒரு நிலையைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். ஃபேன் சுற்றியும் திரையில் படம் வராதது வேறு கோளாறு. அதற்கு ராம், கிராஃபிக்ஸ் கார்டு என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளையைச் சோதிக்க நான்கு வழிகள் சொல்வார்கள்: பேப்பர் கிளிப், பவர் சப்ளை டெஸ்டர், மல்டிமீட்டர் (வோல்ட்டேஜை அளக்கும் கருவி), வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பது. இவை போகக் கடை இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது கிளிப்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ லெனேசியாவிலோ, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டர் என்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் சுவரைப் பாருங்கள். மல்டிபிளக்கைக் கழற்றிவிட்டு, கெட்டில் கார்டை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரை, நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். வீட்டில் இன்னொரு கெட்டில் கார்ட் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? லோட் ஷெடிங்குக்காக, அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டுக்காக, இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சுவர் மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலையைத் தருவதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில அந்த மின்சாரத்தில் கிளம்பாது. சுவர் மின்சாரத்தில் ஓடி இன்வெர்ட்டரில் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரில் குறையில்லை.

கெட்டில் கார்டைச் செருகியதுமே வீட்டின் டிபி போர்டில் (ஃபியூஸ் பலகையில்) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்துவது) விழுகிறதா? கம்ப்யூட்டரைக் கழற்றினால் நிற்கிறது, வேறு கார்டிலும் அப்படியே விழுகிறது என்றால் பவர் சப்ளைக்குள்ளிருந்து எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது. அப்போது கீழே சொல்லும் எந்தச் சோதனையும் வேண்டாம். பவர் சப்ளையை மாற்றிவிடுங்கள். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கலாம், கெட்டில் கார்டைக் கழற்றிய பிறகும்.

சரி, கிளிப்புக்கு வருவோம். பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து கழற்றி, 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னை, அதாவது பச்சை வயரை, ஒரு கறுப்பு வயரோடு இணைப்பதுதான் அந்தச் சோதனை. மதர்போர்டு கொடுக்க வேண்டிய உத்தரவை நாமே கொடுக்கிறோம். செலவில்லை, ஒரு நிமிட வேலை. ஆனால் ஃபேன் சுற்றினால் பவர் சப்ளை நல்லது என்று முடிவு கட்டுவது தவறு. ஃபேனைச் சுற்ற மிகக் குறைந்த மின்சாரம் போதும். பாரமே இல்லாமல் 12 வோல்ட்டைக் காட்டும் பழைய சப்ளை, பிராசசர் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிடலாம். மறுபக்கம், சூடானால் மட்டும் ஃபேனை ஓட்டும் மாடல்களும் இருக்கின்றன. அவை நல்ல நிலையில் இருந்தும் அசையாமல் நிற்கும். எல்லா வயரும் கறுப்பாகவே வரும் புதிய சப்ளைகளில் பின்னைத் தவறாக எண்ணும் ஆபத்தும் உண்டு. கிளிப் ஒரு மேலோட்டமான குறிப்பைத் தரும், அவ்வளவுதான்.

டெஸ்டர் கிளிப்பைவிட ஒரு படி மேல். கனெக்டரைச் செருகினால் ஒவ்வொரு வோல்ட்டேஜையும் எண்ணாகக் காட்டும். தமிழ்ப் பள்ளியிலோ சபையிலோ பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு நேரம் மிச்சம். ஆனால் அதுவும் பெரிய பாரம் ஏற்றுவதில்லை. அலுவலகங்கள் கழித்து விற்கும் டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் பலவற்றில் 24 பின் கனெக்டரே கிடையாது. அவற்றில் டெஸ்டரைச் செருகவே முடியாது.

மல்டிமீட்டரின் பலம், எல்லாம் மாட்டியிருக்கும்போதே அளக்க முடிவது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, அதாவது 24 பின் கனெக்டர் உள்ள வழக்கமான வகை, சுவரில் செருகியிருக்கும்வரை முழுதாகத் தூங்குவதில்லை. ஊதா வயரில், அதாவது 9ஆம் பின்னில், 5 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயரிலும் கனெக்டரின் பின்பக்கமாகச் செருகிப் பாருங்கள். பக்கத்துப் பின்னில் உரசாமல் நிதானமாகச் செய்யுங்கள். 4.75இலிருந்து 5.25க்குள் இருந்தால் சரி. ஒன்றுமே இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் பவர் சப்ளை போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் சந்தேகம் மதர்போர்டின் மேல். அங்கே ஏதோ ஷார்ட் ஆகி மின்சாரத்தைக் கீழே இழுக்கிறது.

ஊதா சரியாக இருந்தால் பச்சைக்குப் போங்கள். பட்டனை அழுத்தும் முன் அங்கே வோல்ட்டேஜ் இருக்க வேண்டும், அழுத்தியதும் பூஜ்யத்துக்குப் பக்கம் விழ வேண்டும். விழவில்லையென்றால் உத்தரவு பவர் சப்ளைக்குப் போய்ச் சேரவில்லை. பெட்டியின் பட்டன் வயரைக் கழற்றி, மதர்போர்டில் அது மாட்டியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் கிளம்பினால் கெட்டது பட்டன்தான், செலவு மிகக் குறைவு. பச்சை விழுந்தும் மஞ்சளில் 12 வோல்ட் வரவில்லையென்றால், பவர் சப்ளை கெட்டிருக்கலாம் அல்லது எங்கோ ஷார்ட்டைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். கெட்டில் கார்டைக் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கிராஃபிக்ஸ் கார்டையும் டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இத்தனை கேள்விக்கும் பதில் சொல்வது இந்த ஒரு கருவிதான். வாங்கிவிட்டால் ரிமோட் பேட்டரியிலிருந்து கார் பேட்டரி வரை வீட்டில் எல்லாவற்றுக்கும் உதவும். சுவரின் 230 வோல்ட்டை மட்டும் மலிவான மீட்டரால் தொடாதீர்கள். பாயிண்டில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க ஒரு விளக்கு போதும்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? லோட் ஷெடிங் 2007இன் கடைசியில் தொடங்கி 2023இல் மிக மோசமானது. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் வோல்ட்டேஜ் எகிறலாம், அந்த அடி பவர் சப்ளையில்தான் முதலில் விழும். ஊதா வயருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி இரவு பகல் ஓடிக்கொண்டே இருப்பதால், அதன் கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் காய்ந்துபோகவும் செய்யும். அதனால் டர்பனில் கம்ப்யூட்டர் செத்தால் நான் முதலில் ஊதாவைச் சந்தேகிப்பேன். லெனேசியாவில் கோடைகால மாலை இடிக்குப் பிறகு செத்தால் கதை மாறும். மின்னலின் அடி லேன் கேபிள் (இணையத்துக்காக ரௌட்டரிலிருந்து வரும் வயர்) வழியாகவும் வந்து மதர்போர்டைக் கெடுத்திருக்கலாம். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரௌட்டரும் அதிலிருந்து வரும் லேன் வயரும் கடத்தும். அப்படிப்பட்ட பெட்டியில் புதுப் பவர் சப்ளையை வாங்கி மாட்டுவதற்கு முன் கட்டாயம் அளந்து பாருங்கள்.

கடைசித் தீர்ப்பு என்னவோ மாற்று சப்ளையுடையதுதான். நிச்சயமாக ஓடும் ஒன்றை மாட்டி, பிராசசருக்கான 4 அல்லது 8 பின் கனெக்டரையும் மறக்காமல் செருகி, கம்ப்யூட்டர் கிளம்பினால் வேறு பேச்சே இல்லை. பாரத்தில் மட்டும் தடுமாறும் சப்ளையை இந்த வழிதான் காட்டிக்கொடுக்கும். தம்பியிடமோ பக்கத்து வீட்டிலோ இரவல் கிடைத்தால் நல்லது. ஒரே எச்சரிக்கை: கேபிள் கழற்றும் வகையாக இருந்தால் சப்ளையோடு அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். பவர் சப்ளை பக்கத்துப் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேபிளையே விட்டுவிட்டால் டிஸ்க் எரிந்துபோகலாம், அதோடு அதிலுள்ள படங்களும் போய்விடும்.

கனெக்டரைக் கழற்றிய பிறகு ஊதாவில் 5 வோல்ட் திரும்பி வருகிறது, அல்லது மாற்று சப்ளையிலும் அசைவில்லை என்றால் கடைக்குப் போகலாம். மதர்போர்டு வேலை வீட்டு மேசையில் முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. பொதுவாக, செலவு மதிப்பீட்டைக் காட்டி உங்கள் சம்மதம் வாங்காமல் பழுதுபார்த்துவிட்டுக் காசு கேட்கக் கூடாது. மாட்டிய உதிரிக்கும் வேலைக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தையும் உங்களிடம் திருப்பித் தர வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போதே, நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி உள்ளே ஒட்டிக் கொடுங்கள்.